பின்னாலிருந்து ஒரு குரல்

கொரோனா ஊரடங்கு வந்து கோயில் கதவைச் சாத்திய பிறகு, ஞாயிறு பள்ளி செல்போனுக்குள் குடிபோனது.

பாலர் வகுப்புக்கு வாத்தியார் தியோபிலஸ். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித்தர ஆசைப்பட்டு, ஞாயிறு பள்ளியை நடத்தும் எப்சிபாள் டீச்சரிடம் வந்து சேர்ந்தார். டீச்சர் வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் பாடம் என்று வந்துவிட்டால் தியோபிலஸ் அவர் முன்னால் கைகட்டி நின்றுதான் கேட்பார்.

வகுப்பு நடத்துவது இப்போது சுலபம். ஞாயிறு காலை தியோபிலஸ் ஒரு வசனத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, பார்க்காமல் தங்கள் குரலில் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம்.

ஒரு ஞாயிறு மத்தியானம், முகக்கவசம் போட்டுக்கொண்டு அவர் டீச்சர் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். டீச்சர் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, வெயில்ல?"

"வகுப்பு கெட்டுப் போச்சு டீச்சர்."

"பிள்ளைங்க வசனம் அனுப்பலையா?"

"எல்லாம் அனுப்புது. ஒரு எழுத்து பிசகாம அனுப்புது. அதான் சந்தேகம்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "சரியாச் சொன்னாலுமா சந்தேகம்?"

"பின்னாடி ஆள் நின்னு எடுத்துக் கொடுக்காங்க டீச்சர். காதுல நல்லா விழுது. டிக்கெட் இல்லாம ஏறினவனை மூஞ்சியப் பாத்தே பிடிச்சவன் நான். என்கிட்டயா?"

"அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"பின்னாடி குரல் கேட்டா நட்சத்திரம் கிடையாது. ரெண்டு தடவை கேட்டா பிள்ளையவே குழுவை விட்டு எடுத்துரணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

டீச்சர் தொடர்ந்து கீரையை ஆய்ந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தியோபிலஸுக்கு ஒரே மகன், லிவிங்ஸ்டன். கிறிஸ்தவ சபையைச் சேராத ஒரு பெண்ணை விரும்பி, பதிவு அலுவலகத்தில் போய்க் கல்யாணம் செய்துகொண்டான். தியோபிலஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக் கதவையும் அடைத்தார். அன்றைக்கு விட்டவன்தான், மகன் கோயிலுக்கும் வருவதில்லை. அடுத்த தெருவில்தான் குடியிருந்தான். அவனுக்கு ஆதிரை என்று ஒரு மகள் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடமும் போகிறாள். தாத்தா அவளிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

அந்த ஆதிரை இப்போது பாலர் வகுப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவள் அனுப்பும் ஒவ்வொரு பதிவிலும் பின்னால் ஒரு ஆண்குரல் வசனம் எடுத்துக் கொடுக்கும். தியோபிலஸ் கேட்கிற விதி வந்தால் முதலில் வெளியே போவது அவள்தான். அதைத் தெரிந்தே கேட்டார் என்று சொன்னால் பாவம். தெரியாமல் கேட்டார் என்று சொன்னால் பொய்.

"அந்தப் புதுப் பிள்ளையைச் சேத்தது நீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஆமா. அவங்க அம்மா போன் பண்ணிக் கேட்டாங்க."

"இத்தனை நாளா கேக்கலையே."

"கோயில் திறந்திருந்த வரைக்கும் கேக்கல அண்ணாச்சி. எனக்கும் அது ஆச்சரியமாத்தான் இருந்துச்சு."

தியோபிலஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதை விடுங்க. ஒண்ணாக் கூடாம, மூஞ்சியப் பாக்காம, ஒரு வகுப்பை எப்படி ஒழுங்கா நடத்துறது? அதைச் சொல்லுங்க."

டீச்சர் கீரைத்தட்டை இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியை கேட்டுப் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"பிள்ளைங்க அனுப்பினதைப் போடுங்க. கேப்போம்."

தியோபிலஸ் ஒலியைக் கூட்டி வைத்தார். ஒரு சிறுமி வசனம் சொன்னாள். நடுவில் குக்கர் விசில் அடித்தது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் அவசர அவசரமாக அடுத்த சொல்லைச் சொன்னது.

"கேட்டீங்களா? திருட்டு," என்றார் தியோபிலஸ்.

"யாரு குரல் அது?"

"மீன் விக்கிற பொன்கனி. அவ மகதான் இது."

"பொன்கனியா? பாட்டுக்கு வந்துட்டு, பிரசங்கத்துக்கு முந்தி மார்க்கெட்டுக்கு ஓடிருவாங்களே, அவங்களா?"

"அவதான்."

"வசனத்தைச் சரியாச் சொன்னாங்களா?"

"அதெல்லாம் சரியாத்தான் சொன்னா."

"பாருங்களேன்," என்றார் டீச்சர். "அடுத்தது?"

அடுத்து ஒரு பையன். அவன் திக்கும்போதெல்லாம் ஒரு இளவட்டக் குரல் எரிச்சலோடு எடுத்துக் கொடுத்தது. ஒரு இடத்தில், "லேய், எத்தனை தடவைல சொல்லுதது?" என்று அதட்டலும் விழுந்தது.

"இது யாரு?"

"இவனோட அண்ணன். ஆராதனை முடியுற வரைக்கும் வெளியே பைக்குல உக்காந்து போனை நோண்டிட்டு இருப்பான்லா, அவன்."

"அவனுக்கு இந்த வசனம் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கே."

டீச்சர் முன்னால் சாய்ந்தார். "இன்னொரு தடவை போடுங்க அண்ணாச்சி."

தியோபிலஸ் திரும்பப் போட்டார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, புதுப்பாட்டு கேட்பதுபோலக் கேட்டார். இவர் என்னத்தை இப்படி ரசிக்கிறார் என்று தியோபிலஸுக்குப் புரியவில்லை.

"அண்ணாச்சி, போன பாலர் ஞாயிறு விழா ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? பிள்ளைங்க எல்லாம் மேடையில ஏறி வசனம் சொல்லிச்சே. சபையே கை தட்டுச்சு."

"பிரசங்க பீடத்துக்குப் பின்னாடி ஒரு ஆள் குனிஞ்சு உக்காந்திருந்தாரே, யாரு?"

"நான்தான். இடுப்பு பிடிச்சு மூணு நாள் எந்திரிக்க முடியல."

"அங்க என்ன செஞ்சீங்க?"

"பிள்ளைங்க மறந்துட்டா எடுத்துக் கொடுக்கணும்லா."

"அன்னைக்கு எந்தப் பிள்ளைக்கு நட்சத்திரத்தை நிறுத்தினீங்க?"

தியோபிலஸ் முகக்கவசத்தைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"அது வேற டீச்சர். அங்க இருந்தது நாம."

"நாமன்னா?"

"வாத்தியாருங்க."

"சரி," என்றார் டீச்சர். "அடுத்ததைப் போடுங்க."

தியோபிலஸின் விரல் ஒரு பதிவைத் தாண்டி அடுத்ததற்குப் போனது.

"ஒண்ணை விட்டுட்டீங்க."

"அது முழுசா இல்ல டீச்சர். பாதியில நிக்கு. அதுக்கு எப்படியும் நட்சத்திரம் கிடையாது."

"பாதியில ஏன் நின்னுச்சுன்னு தெரிய வேண்டாமா? போடுங்க."

தியோபிலஸ் போட்டார்.

ஆதிரையின் குரல் தெளிவாக இருந்தது. முதல் வரியைத் தானே சொன்னாள். இரண்டாவது வரியில் நின்றாள். பின்னாலிருந்து லிவிங்ஸ்டன் எடுத்துக் கொடுத்தான். அவள் சொன்னாள். திரும்ப எடுத்துக் கொடுத்தான். அவள் சொன்னாள். பிறகு அவனும் நின்றான்.

"அப்பா, அப்புறம்?" என்றாள் பிள்ளை.

எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, அப்புறம் என்னப்பா?"

"மறந்து போச்சும்மா," என்றான் லிவிங்ஸ்டன். அதோடு பதிவு முடிந்தது.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "குழுவுல வசனம் எழுத்தாத்தானே கிடக்கு? பாத்துப் படிச்சிருக்கலாமே."

"அவன் பாக்க மாட்டான். ஞாபகத்துலயிருந்து சொல்லுதான்." தியோபிலஸின் குரல் இறங்கிவிட்டது. "அவனுக்குச் சின்ன வயசுல நான் சொல்லிக் கொடுத்த வசனம் டீச்சர் இது. ராத்திரி டூட்டிக்குப் போகுமுன்னே தோள்ல போட்டுச் சொல்லிக் கொடுப்பேன். முழுசாத்தான் சொல்லிக் கொடுத்தேன். பாதியில விட்டது அவன்."

"யாரு விட்டதுன்னு வகுப்புல நாம கேக்க மாட்டோம்லா அண்ணாச்சி," என்றார் டீச்சர். "ரெண்டு பிள்ளைங்க மறந்துட்டு நிக்குது. அவ்வளவுதான்."

தியோபிலஸ் நின்றார். வெயில் அவர் தோளில் அடித்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்த அழுகை கண்ணுக்கு வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் டீச்சர் இருக்கிறாரே என்றுகூட அவர் வெட்கப்படவில்லை.

பிறகு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனை வாயருகே கொண்டுபோனார்.

"ஆதிரை," என்றார். முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னார். "அடுத்த வரி என்னன்னா..."

வசனத்தைச் சொல்லத் தொடங்கினார். தோளில் போட்டுச் சொல்லிக் கொடுத்த வசனம்தான். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வசனம்தான். பாதியில் அவருக்கே அடுத்த சொல் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார்.

கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர் அந்த ஒரு சொல்லைத் தணிந்த குரலில் எடுத்துக் கொடுத்தார்.

தியோபிலஸ் அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் சொல்லி முடித்தார். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுக் கேட்டார். நடுவில் டீச்சரின் குரல் துல்லியமாக விழுந்திருந்தது.

"டீச்சர், உங்க சத்தமும் சேந்து விழுந்துட்டு. இதை அழிச்சிட்டு வேற சொல்லிரட்டுமா?"

டீச்சர் கீரைத்தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அப்படியே அனுப்புங்க."