மேனேஜர் கொடுத்த லட்டு

முதலில் மில் கேன்டீனை மூடினார்கள். அடுத்து போனஸைப் பாதியாக வெட்டினார்கள். அதற்கடுத்து சங்கக் கொடிக்கம்பத்தைப் பிடுங்கினார்கள். கடைசியாக, எல்லோருக்கும் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவரின் சீட்டைக் கிழிப்போம் என்றார்கள். கம்ப்யூட்டர் காட்டிய பெயர் இருளாயி.

"இருபத்தஞ்சு வருஷமா இங்க கூட்டுறேன். நானா புது ஆளு?"

"மிஷின் பொய் சொல்லாதும்மா," என்றார் மேனேஜர் தெய்வநாயகம்.

"அப்ப யாருங்க பழைய ஆளு?"

போன மாதம் ஒன்றாம் தேதி வந்த அவருடைய மச்சான்தான். இருளாயி சேர்ந்ததோ ஒரு முப்பதாம் தேதி. அவளுக்கு விளங்கிவிட்டது. கம்ப்யூட்டர் தேதியைத் தேதியாக எண்ணவில்லை. வெறும் எழுத்தாக வைத்து, முன்னால் நிற்கும் நாளைப் பார்த்தே வரிசை போட்டிருக்கிறது. பின்னால் நிற்கும் வருஷம் அதன் கண்ணில் படவே இல்லை.

"சரிங்க சார், போயிடறேன். ஆபீசருங்க பெயரையும் சேர்த்து ஒரு தடவை ஓட்டிடுங்க. எல்லாருக்கும் ஒரே மிஷின்தானே?"

"ஓட்டட்டும். யாரைக் காட்டினாலும் அவங்க வெளியே," என்றார் இருபது வருஷ மேனேஜர்.

தான் சேர்ந்த நாளென்று டிசம்பர் முப்பத்தொன்று தோறும் அவர் கொடுத்த லட்டை இருளாயி மறக்கவில்லை.

ஷிஃப்ட் முழுவதும் கூடி நிற்க, ஆபரேட்டர் கடைசிப் பெயரை உரக்க வாசித்தார்: "தெய்வநாயகம், மேனேஜர்."