நாலு டிகிரி

நாமக்கல்லில் கோழிகளுக்கான தடுப்பு மருந்து அனுப்பும் நிறுவனம் ஒன்றில் மென்பொருளைக் கவனித்துக்கொள்பவர் ஜமுனா. வயது முப்பத்தொன்று. அவரிடம் டேட்டாபேஸ் கற்றுக்கொள்பவர் பொன்னுரங்கம். வயது ஐம்பத்துமூன்று. அதே நிறுவனத்தில் இருபது வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்து, முழங்கால் ஒத்துழைக்காததால் கணினிப் பக்கம் வந்தவர்.

அன்று காலை பதினொரு மணிக்குப் பொன்னுரங்கம் வந்து நின்றார்.

"மேடம், டெஸ்பாட்ச் சேவ் ஆகமாட்டேங்குது. டிரிகர் எர்ரர். ஏழு தடவை அழுத்திப் பாத்துட்டேன்."

"எட்டாவது தடவை பாவம் பாத்து விட்டுரும்னு நினைச்சீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. ராசிபுரத்துப் பண்ணையில் இருபதாயிரம் குஞ்சுகளுக்கு அன்று மாலைக்குள் மருந்து கொடுத்தாக வேண்டும். டிரிகர் என்பது, நிபந்தனை சரியில்லை என்றால் பதிவைத் தானாகவே தடுத்துவிடும் சிறு நிரல். கணினியில் பதிவு விழாமல் டெலிவரி சீட்டு வராது. சீட்டு இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

"எர்ரர் என்ன சொல்லுது?"

"குளிர் அறை டிகிரி ரெண்டு மணி நேரமா பதிவாகலையாம். அதனால அனுப்பக் கூடாதாம்."

"ஏன் பதிவாகல?"

"புது ஸ்டோர்கீப்பர் இன்னிக்கு லீவுங்க. எழுத ஆளில்ல."

"சரி. என்ன செய்யலாம்?"

"ரெண்டு வழி இருக்குங்க. டிரிகரை ஒரு நிமிஷம் நிறுத்தி, சேவ் பண்ணிட்டு, திரும்பப் போட்டுரலாம். இல்லாட்டி நாலு டிகிரின்னு நானே ஒரு வரி சேத்துடறேன். அங்க எப்பவும் நாலுதான்."

"இப்பவும் நாலா?"

"நாலாத்தாங்க இருக்கும்."

ஜமுனா தன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"உட்காருங்க. நீங்களே நிறுத்துங்க. நிறுத்தறதுக்கு முன்னாடி அந்த டிரிகரை முதல் வரியிலிருந்து ஒரு தடவை படிச்சிருங்க. சத்தமா."

பொன்னுரங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரிகரைத் திறந்தார். நிரலுக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். பின்னால் வரும் மனிதர்களுக்காக எழுதி வைப்பது.

"ஆறு வருஷம் முந்தின தேதி போட்டிருக்கு. 'குளிர் அறையில் கரண்ட் போனது தெரியாமல் அனுப்பிய மருந்தால் பரமத்தியில் ஒரு பண்ணையே காலி. இனிமேல் டிகிரி பார்க்காமல் ஒரு பெட்டியும் வெளியே போகக் கூடாது. யார் அவசரம் என்றாலும் இதை நிறுத்த வேண்டாம். சொன்னவர், ஸ்டோர்கீப்பர்...'"



"மீதியையும் படிங்க."

"'ஸ்டோர்கீப்பர் பொன்னுரங்கம். நானே வந்து கேட்டாலும் நிறுத்த வேண்டாம்.'"

மேசை மேல் போன் அடித்தது. முதலாளி. மூன்றாவது முறை.

பொன்னுரங்கம் அதை எடுக்கவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"அவர்கிட்ட என்னங்க மேடம் சொல்றது?"

ஜமுனா ஆணியில் தொங்கிய குளிர் அறைச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஸ்டோர்கீப்பர் இன்னும் பாக்கலைன்னு சொல்லுங்க."