சுவரையும் சேர்த்துக் காலி

எனக்கு இந்த மூன்றாம் மாடி வீட்டை விற்றவரே, நீர் சொன்னது பச்சைப் பொய். அடுத்த வீட்டுச் சத்தம் துளிகூட வராது என்று சாவி கொடுக்கும்போது சொன்னீர். இப்போது அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடினால் என் சட்டினி அரைபடுகிற மாதிரி இருக்கிறது. உம்மிடம் வந்து கேட்டால், "அவங்ககிட்ட பேசிப் பாருங்க சார்" என்று நழுவுகிறீர். உம்மைப் போல ஒருவர் ஒரு ராஜாவிடம் மாட்டிக்கொண்ட கதை இருக்கிறது. உட்காரும், சொல்கிறேன்.

கீழமருதை என்று ஒரு சமஸ்தானம். அதன் ராஜா வல்லபருக்குத் தாராள மனசு. ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டச் சொன்னார். ஒன்று ஆஸ்தானத் தவில்காரர் திருமேனிக்கு. மற்றது, கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரி கங்காதரருக்கு. கட்டியவரும் அவரே, குடிபோனவரும் அவரே.

இரண்டு வீட்டுக்கும் நடுவே கங்காதரர் ஒரே ஒரு சுவர் வைத்தார். அதுவும் ஒற்றைச் செங்கல் கனம். குடிவந்த பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது. ரசத்தில் உப்பு இல்லை என்று கங்காதரர் தன் மனைவியிடம் முணுமுணுத்தால், திருமேனியின் மனைவி வாசல் வழியாக வந்து உப்பு ஜாடியை வைத்துவிட்டுப் போவாள். கங்காதரருக்கு அதுகூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. மத்தியானம் சாப்பிட்டுச் சாயும் நேரத்தில் தவில் முழங்கியதுதான் பொறுக்கவில்லை.

ராஜாவிடம் போனார். சுவரைப் பற்றி மூச்சு விடவில்லை. தவிலைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் அழுதார். ராஜா திருமேனியை அழைத்து, சத்தம் வராமல் வாசிக்க முடியாதா என்று கேட்டார். பங்குனித் திருவிழாவுக்குப் பத்தே நாள் இருக்கிறது, அடிக்காமல் எப்படிப் பழகுவது என்று திருமேனி கைகட்டி நின்றார். ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாளை உச்சிப்பொழுதுக்குள் வீட்டைக் காலி செய் என்றார். கங்காதரருக்கு அதுவும் போதவில்லை. திருமேனிக்கு உரியது ஒரு துரும்புகூட அங்கே மிஞ்சக் கூடாது என்று உத்தரவில் சேர்த்து எழுத வைத்தார்.

திருமேனியின் மனைவிக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். வேறு கூரை கிடையாது. மனுஷன் நேராக ராஜசபை விகடன் வெண்காடனிடம் ஓடினார். வெண்காடன் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. வீடு கொடுத்த ஓலையை மட்டும் எடுத்து வரச் சொன்னான். படித்தான். இன்னொரு முறை படித்தான். கடப்பாரை பிடிக்கத் தெரிந்த ஆள் இரண்டு பேர் வேண்டும் என்றான்.

மறுநாள் காலை கங்காதரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நடுச்சுவர் அதிர்ந்தது. மூன்றாவது குத்தில் அவருடைய ஊறுகாய் அலமாரி கீழே விழுந்தது. நாலாவதில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வெண்காடன் அவருக்கு வணக்கம் சொன்னான்.

வாய்கூடக் கொப்பளிக்காமல் அரண்மனைக்கு ஓடினார் கங்காதரர். பின்னாலேயே வெண்காடனும் திருமேனியும் போய்ச் சேர்ந்தார்கள். என்ன அக்கிரமம் இது என்று ராஜா கேட்டார்.

"தங்கள் உத்தரவுதான் மகாராஜா. திருமேனிக்கு உரியது துரும்புகூட மிஞ்சக் கூடாது. நான்கு சுவர் உள்ள வீடு அவருக்கு என்று ஓலை சொல்கிறது. நான்கையும் கட்டி ஒப்படைத்தேன் என்று கீழே இவர் கையெழுத்து இருக்கிறது. நான்கையும் எடுத்துப் போகவேண்டும். மெலிந்ததில் ஆரம்பித்தோம்."

"அது என் சுவர்," என்றார் கங்காதரர்.

"சரி, உம்முடையதே. அப்படியென்றால் திருமேனிக்குக் கட்டிய நாலாவது எங்கே?"

சுவர் இரண்டு பேருக்கும் பொது என்று கங்காதரர் மாற்றிப் பேசினார்.

"பொதுவா? அப்போது ஆளுக்குப் பாதி. இந்தப் பக்கம் அரைச் செங்கல் கனத்துக்குச் சீவி எடுத்துக்கொள்கிறேன். உம்முடைய பாதி நிற்கிற வரைக்கும் நிற்கட்டும்."

அது அரை நாழிகை நிற்காது என்று கட்டியவருக்குத் தெரியாதா? சுவர் முழுசும் திருமேனிக்கே இருக்கட்டும், இடிக்க மட்டும் வேண்டாம் என்று இறங்கி வந்தார்.

வெண்காடன் ராஜா பக்கம் திரும்பினான். "கேட்டீர்களா மகாராஜா? சுவர் திருமேனியுடையது. ஆகவே இவர் வீட்டுக்குச் சுவர் மூன்றுதான். எட்டுச் சுவருக்குச் செங்கல் வாங்கி ஏழு எழுப்பியிருக்கிறார். தான் கட்டாமல் விட்ட சுவர் வழியாகச் சத்தம் வருகிறது என்று அடுத்தவரைத் தெருவில் நிறுத்தப் பார்க்கிறார்."

ராஜா சிரித்தார் பாரும், சபை குலுங்கியது. திருமேனி அங்கேயே இருப்பார் என்றார். சுவரில் விழுந்த ஓட்டையைக் கங்காதரர் அடைக்கவேண்டும். தன் பக்கம் ஒரு சாண் இடம் விட்டு, தன் செலவில் தனக்கென்று ஒரு சுவர் எழுப்பவேண்டும். இடையில் உமியைக் கெட்டியாக அடைக்கவேண்டும். அது முடிகிற வரைக்கும் திருமேனி மத்தியானத்தில் மட்டும்தான் பழகவேண்டும்.

தோளில் கிடந்த சால்வையை வெண்காடனுக்குப் போர்த்தியபடி ராஜா கேட்டார்: "அது சரி வெண்காடா, மூன்று சுவரை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எப்படிக் குடும்பம் நடத்தினார்?"

"நாலாவது பக்கத்தில் திருமேனியின் பொறுமை நின்றது மகாராஜா. அதில் ஆணி அடித்துத்தான் இவர் அலமாரி மாட்டியிருந்தார்."

வீடு விற்றவரே, கதை அவ்வளவுதான். என்னிடம் அந்தப் பொறுமை கிடையாது. பார்க்கலாம், பேசலாம் என்று இழுக்காதீர். விலையில் இத்தனை தள்ளித் தருகிறேன் என்று பேரமும் பேசாதீர், அந்த வித்தை எனக்கு உம்மைவிட நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை காலை கொத்தனாரோடு வாரும். விட்டுப்போன சுவரைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போம்.