ஏரியில் கிடைத்த பாட்டனார்

கருங்கரை நாட்டை வெட்சிராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். அது நடந்து எத்தனையோ தலைமுறை ஆகிறது. நல்லவன்தான், யாராவது புகழ்ந்தால் மட்டும் மயங்கிவிடுவான்.

அவனுடைய மந்திரி கூத்தபிரான் ஐப்பசி மழைக்குள் ஓர் ஏரியை வெட்டி முடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். தவறினால் இன்னொரு வருஷம் குடிகள் தண்ணீருக்குத் தவிக்க வேண்டும். பாதி வெட்டும்போது ஆள் உயரத்துக்கு ஒரு தொடையெலும்பு, கல்லாக இறுகிக் கிடைத்தது.

மந்திரியின் பேரைக் கேட்டாலே வயிறெரியும் ஆஸ்தான வித்துவான் கீர்த்திவாசர், அதைப் பார்த்ததும் கும்பிட்டு விழுந்தார்.

"பிரபு! இது தங்கள் குலமுதல்வரின் தொடை. பனைமர உயரம் இருந்தவராயிற்றே! இங்கே இனி மண்வெட்டி படலாமா?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "ஏரி வேலையை நிறுத்துங்கள். சமாதி கட்டுங்கள்!"

கூத்தபிரான் இரண்டு பக்கமும் யோசித்தார். மறுத்தால் ராஜநிந்தை, சும்மா இருந்தால் ஊர் வறண்டுபோகும். மெல்லச் சொன்னார்:

"மகாராஜா, ஒற்றை எலும்புக்கா சடங்கு செய்வது? எல்லா எலும்பையும் பொறுக்கி, கால் முதல் தலைவரை உருவமாக அடுக்கிப் பால் தெளிப்பதுதானே முறை? ஏழை வீட்டில்கூட அப்படித்தானே செய்கிறார்கள்?"

"சரிதான். தோண்டுங்கள். ஒரு விரலெலும்பையும் விடக்கூடாது!"

கீர்த்திவாசரே பக்கத்தில் நின்று ஆட்களை விரட்டினார். எலும்பைத் தேடத் தேட ஏரியும் ஆழமாகிக்கொண்டே போயிற்று.

அடுக்குகிற நாளில் சபையே கரையில் போட்ட பந்தலில் கூடியது. கீர்த்திவாசர் கால் வைத்தார், இடுப்பு வைத்தார், முதுகும் கழுத்தும் தலையும் வைத்தார். இன்னும் ஒரு வண்டி எலும்பு மீந்திருந்தது. ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போன முள்ளெலும்புகள். இடுப்புக்குப் பின்னால் தவிர வேறெங்கும் அவை பொருந்தவில்லை. வைக்க வைக்க வரிசை பந்தலைத் தாண்டிப் போயிற்று.

"என்னய்யா இது?" என்றான் ராஜா.

"பிரபு... இடைக்கச்சையாக இருக்கலாம்."

"எலும்பில் கச்சையா? மந்திரி, நீர் சொல்லும்."

"வால், மகாராஜா. பல்லைப் பாருங்கள், எல்லாம் தழை உருவித் தின்கிற பல். மனிதர்கள் வருவதற்கு முன்னே இந்த மண்ணில் மேய்ந்து திரிந்த ஏதோ பிராணி. பேர் வைக்கக்கூட அன்றைக்கு ஆள் இல்லை."

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

"வித்துவானே, ஒற்றை எலும்பைப் பார்த்தே உறவு சொன்னவர் நீர்தானே? அப்படியானால் இவர் உம்முடைய பாட்டனார்தான். மொட்டை போட்டுக்கொண்டு பாலைத் தெளியும்!"

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்தது. மறு வருஷம், பால் தெளித்த அதே திதியில் குடியானவர்கள் தலையில் தழைக்கட்டோடு கீர்த்திவாசர் வாசலில் வந்து நின்றார்கள்.

"சாமி, இன்னிக்கு உங்க பாட்டனாருக்குத் திவசமாச்சே. படையலுக்குக் கொண்டாந்திருக்கோம்."