சுண்ணாம்பு பட்ட மட்டை

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஞானசவுந்தரி அக்கா. இந்தத் தவக்காலத்தில்தான், சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார். கதை அவருடைய மருமகள் சகாயமேரியுடையது.

சகாயமேரி திண்டுக்கல்லில் பேஸ்பால் ஆடுகிறவள். பிள்ளை பிறந்து, பால் மறந்த பிறகு மறுபடியும் மைதானத்துக்கு வந்தாள். மாநில அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். இந்தத் தடவை விட்டால், அவள் வயசுக்கு இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அங்கே கோச், வேணி. சகாயமேரியைவிடச் சின்னவள். ஒரு காலத்தில் இவள் அடித்த பந்தை ஓடி ஓடிப் பொறுக்கி வந்தவள்.

"வேணி, எனக்குப் பலம் போயிருச்சு."

"யாரு சொன்னதுக்கா?"

"பந்து சொல்லுது. செலக்சன்ல மர பேட்தான்னு சொல்லிட்டாங்க. அதுல அடிச்சா என் காலடியிலயே விழுது. அதே பேட்ல ஷைலஜா அடிச்சா வேலியைத் தாண்டுது."

அடுத்து அடிக்கப் பின்னால் நின்ற ஷைலஜா, அணியில் இளையவள், சிரித்தாள். "மாவாட்டுங்கக்கா, கை தேறிடும்."

"வாயை மூடு," என்றாள் வேணி. பிறகு சகாயமேரியிடம், "அலுமினிய பேட்ல?"

"அதுல நானும் தாண்டிருவேன்."

"பலம் போனவளுக்கு அதுல மட்டும் எங்கிருந்துக்கா வருது?"

சகாயமேரி மர மட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப மரம்தான் சரியில்ல. வேற மரத்துல ஒண்ணு வாங்கிக் குடு. கையெல்லாம் எரியுது."

வேணி, மைதானத்தில் கோடு போடக் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பு வாளியை இழுத்து வந்தாள். பந்துகளை அதற்குள் முக்கினாள்.

"அலுமினியத்தை எடுங்க."

வேணி போட்டாள். சகாயமேரி அடித்தாள். பந்து வேலியைத் தாண்டியது. அடுத்ததும் தாண்டியது. ஓரத்தில் பேரனை இடுப்பில் வைத்திருந்த ஞானசவுந்தரி அக்கா, அவன் கையைப் பிடித்துத் தட்ட வைத்தார்.

"இப்ப மரம்."

முதல் பந்து செத்து விழுந்தது. உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை எரிந்தது. இரண்டாவதும் அப்படியே. இன்னும் சில. கண்ணில் தண்ணீர் முட்டியது.

பிறகு ஒன்று.

கையில் எதுவும் பட்ட மாதிரியே இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். பந்து வேலிக்கு அந்தப் பக்கம் ஷைலஜா வண்டி நிற்கிற இடத்தில் விழுந்தது.

"என் வண்டிக்கா," என்றாள் ஷைலஜா.

வேணி இரண்டு மட்டையையும் அருகருகே தரையில் வைத்தாள்.

சகாயமேரி குனிந்து பார்த்தாள். மரத்தில், பந்து பட வேண்டிய பருத்த இடத்தில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. மற்றதெல்லாம் நுனியில், இல்லாவிட்டால் பிடியை ஒட்டி.

அலுமினியத்தைப் பார்த்தாள். அதிலும் நுனியில். பிடியை ஒட்டி. கண்ட இடத்தில்.

"இதுலயும் இப்படித்தான் அடிச்சேனா?"

"எப்பவும் இப்படித்தான்."

"அப்புறம் எப்படித் தாண்டுச்சு?"

"அது தாங்கிக்கும்க்கா. எங்க பட்டாலும் தூக்கி விட்டுரும்."

சகாயமேரி சேலைத் தலைப்பு இல்லாததால், சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"இத்தனை வருசமா என்னை மன்னிச்சுக்கிட்டே இருந்திருக்கு."

"ஆமாக்கா," என்றாள் வேணி. "உங்ககிட்ட சொல்லாம."

சகாயமேரி அலுமினிய மட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். எரிகிற கையால் மரத்தைப் பிடித்தாள்.

"போடு."

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் ஆள் எடுக்கிறார்கள். உங்கள் செபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் ஜெயிக்க வேண்டும் என்று கேட்க வேண்டாம். அன்றைக்குப் பிள்ளை அழாமல் பாட்டியிடம் இருக்கட்டும் என்று மட்டும் கேளுங்கள். அடிப்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.