வெள்ளி மரம்

"எனக்குக் காவி கொடுங்க சாமி. அந்த வீட்டுக்கு இனி நான் போகமாட்டேன்."

மில் முதலாளி தெய்வநாயகம் அறுபது வயதில் வந்து இப்படிக் கேட்டார். சாமியாருக்கு நாற்பதுகூட இருக்காது.

"என்ன அவசரம் முதலாளி?"

"மகன் தவறிப்போய் ஒரு வருஷமாச்சு. எனக்குச் சோறு இறங்கலை. பெத்தவ என் முன்னால ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடறா. கல்நெஞ்சுக்காரி. அவளோட எப்படி இருக்கறது?"

"எங்கே உட்கார்ந்து சாப்பிடறாங்க?"

"யாருக்குத் தெரியும்? நான் எழுந்த பிறகுதான் சாப்பிடுவா. அதுதானே வழக்கம்?"

"நல்ல வழக்கம் போங்க! சரி, முதல்ல உங்க வீட்டுச் சோறு. அப்புறம் காவி."

மறுநாள் மதியம் சாமியார் போனார்.

பன்னிரண்டு பேர் உட்காரும் தேக்கு மேஜை. அதன் நடுவில் இடுப்பளவு வெள்ளி மரம். கிளை, இலை, இலைக்கு நரம்பு, கிளைக்கொரு கிளி. என்னத்துக்கு இத்தனை ஆடம்பரம் என்று வந்தவர்களெல்லாம் முணுமுணுப்பார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம், முதலாளிக்கு நேரெதிரே, மகனுடைய நாற்காலி. அது கண்ணில் படக்கூடாது என்றுதான் மரத்தைச் செய்யச்சொன்னார், பாவம்.

சாமியார் சோற்றில் கைவைக்கவில்லை. மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதைத் தூக்க எத்தனை பேர் வேணும்?"

"மூணு பேர் தூக்கி வச்சாங்க. அதுக்கப்புறம் யாரும் தொடலை."

"கையைக் கொடுங்க."

தெய்வநாயகத்தின் விரலைப் பிடித்து மரத்தின் அடியில் வைத்தார். தேக்கில் கீறல். ஒன்றிரண்டு அல்ல. மேஜையின் ஓரம்வரை போய்த் திரும்பிய கீறல்கள், பள்ளமே விழுந்திருந்தது. தட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் சாப்பிட்டு எழுகிறவர் இதை எங்கே பார்த்தார்?

"ஆவுடை! யாரு இதை நகர்த்தறது?"

பரிமாற நின்ற மனைவி ரசக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தான். நீங்க எழுந்து போனதும் தள்ளி வச்சிட்டு, உங்க நாற்காலியில உட்கார்ந்துக்குவேன். குமரேசன் இடத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் சாப்பிடுவேன். இல்லைன்னா இறங்காது."

"தனியாவா தள்றே?"

"வேற யாரைக் கூப்பிட?"

"அப்புறம் ஏன் திரும்பக் கொண்டுவந்து வைக்கறே?"

"நீங்க தாங்கமாட்டீங்களே."

தெய்வநாயகம் வாய்விட்டு அழுதார்.

வெகுநேரம் கழித்து முதலாளி எழுந்தார். வெள்ளி மரத்தை ஒரு பக்கம் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடி ஆவுடை. தள்ளிட்டு வந்து என் பக்கத்துல உட்காரு. சோறு நான் போடறேன்."