பக்கத்தில் வரும் கல்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், ரொம்பப் பழைய காலம். கருங்குன்ற நாட்டைக் கோமாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். கடைசியாகக் காதில் விழுந்ததுதான் அவனுக்கு உண்மை. வினையே அதுதான்.

வானத்தைப் பார்த்துக் குறிப்பெழுதும் மந்திரி ஆதிநாதர், ஒருநாள் ஓலை அனுப்பினார். அவர்மேல் வயிற்றெரிச்சல் பிடித்த தானாதிபதி விருத்தகிரி அதைப் பிடுங்கிச் சபையில் கத்தினான்.

"மன்னா! மலையளவு கல் ஒன்று வானத்தில் வருகிறது! எட்டே நாளில் பூமிக்குப் பக்கத்தில் வந்துவிடும்!"

ராஜா கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது.

"பக்கத்திலா? செத்தோம்!"

"வரவழைத்ததே அந்த ஆதிநாதர்தான், மன்னா!"

விசாரணையே இல்லை. ஆதிநாதரைச் சிறையில் போட்டார்கள். கூடவே தண்டோரா: 'உலகம் அழியப் போகிறது. எல்லோரும் விதைநெல்லைக் கொண்டுவாருங்கள். எட்டு நாளும் விருந்து!'

விதைநெல்லை! கல் விழாமல் போனால் அடுத்த வருஷம் மண்ணையா தின்பது? கேட்க ஓர் ஆளில்லை.

முதல் நாள் அடுப்பு மூட்டுமுன், பூவாயி என்ற உழவுக்காரி மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"விதை எங்கே?" என்றான் விருத்தகிரி.

"வீட்டுல இருக்குங்க சாமி. சீரகச் சம்பா. பாயசம் வெச்சா தெருவே மணக்கும். ராஜாவே வந்தா என் கையால அளந்து தர்றேன்."

ராஜாவுக்கு நாக்கு ஊறியது. "வீடு எங்கே?"

"இதோ, பக்கத்துலதாங்க."

"பக்கம்தானே, பல்லக்கு எதற்கு?" என்று விருத்தகிரி முந்திக்கொண்டு நடந்தான்.

ஆற்றைத் தாண்டினார்கள். "இன்னும் எவ்வளவு தூரம்?" "பக்கத்துலதாங்க." காட்டைத் தாண்டினார்கள். "பக்கத்துலதாங்க." உச்சி வெயிலில் ராஜாவின் கால் கொப்பளித்தது. விருத்தகிரி பொத்தென்று உட்கார்ந்தான்.

"அடிப்பாவி! ஒரு காதம் நடந்தாச்சு. இதுவா பக்கம்?"

"தினம் நடக்குற எனக்கு இது பக்கம்தாங்க. தினம் வானத்தை அளக்குறவருக்கு எது பக்கம்னு யாராச்சும் கேட்டீங்களா?"

ராஜா யோசித்துப் பார்த்தான். யாருமே கேட்கவில்லை.

குதிரையில் ஆள் பறந்தது. ஆதிநாதர் கைவிலங்கோடு வந்து சேர்ந்தார்.

"நிலா இருக்கிற தூரத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளிப் போகும், மன்னா. வானத்தில் அது பக்கம்தான். ஓலையில் இரண்டாவது வரியிலேயே எழுதியிருந்தேனே!"

ராஜா விருத்தகிரியைப் பார்த்தான். "அந்த வரியைப் படித்தாயா?"

"படித்தேன், மன்னா..."

படித்திருக்கிறான்! ஒரு மனிதர் மேலுள்ள பொறாமையில், தெரிந்தே ஒரு நாட்டின் விதையைத் தின்னக் கொடுக்கப் பார்த்திருக்கிறான்.

ராஜா அவனிடம் சொன்னான்: "வாங்கிய விதையையெல்லாம் வீடு வீடாக உன் தலையில் சுமந்து திருப்பிக் கொடு. பூவாயி, இனி எந்த ஓலை வந்தாலும் நீ கேள்வி கேட்ட பிறகுதான் எனக்கு."

பிறகு மெதுவாகக் கேட்டான். "ஆதிநாதரே, நிஜமாகவே விழுகிற கல் என்று ஒன்று வருமா?"

"வரலாம், மன்னா. எல்லாக் கல்லையும் நான் பார்த்ததில்லை."

பூவாயி சேலையை இழுத்துச் செருகினாள்.

"அப்ப அவர் கைவிலங்கை அவிழ்த்துவிடுங்க சாமி, அவர் மேல பார்க்கட்டும். மழை இருட்டுது, நான் போய் விதைக்கிறேன்."